வெளியீட்டு வாசலில் வந்து நிற்கும் நூலகங்கள்

நேயர்களுக்கு வணக்கம். திறமூல மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவரச் சில நாள்களே இருக்கும்போது, "இந்த நூலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சின்ன மாற்றம்தான்" என்ற வேண்டுகோள் பெரும்பாலான திட்டங்களுக்கு வந்துவிடும். நூலகம் என்றால், மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு. அதை எப்படி எதிர்கொள்வது என்பதை, உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் (இயங்குதளத் தொகுப்பின்) 24.04 பதிப்பு தயாரானபோது நடந்ததைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

2024 பிப்ரவரி 24 அன்று, கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0 பதிப்பு வெளிவந்தது. உபுண்டுவில் புதிய வசதிகளை ஏற்பது நிறுத்தப்படவிருந்த நாள் பிப்ரவரி 29. அந்தக் குறுகிய இடைவெளியில் புதிய எக்ஸ்இசட், பரிசீலனைக்கான கிடங்கில் இடம்பிடித்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாகச் செல்ல உதவும் எஸ்எஸ்எச் வழியிலான நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்து, எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளிலும் பின்கதவு (அத்துமீறி உள்ளே நுழைவதற்கான இரகசிய வழி) ஒளித்துவைக்கப்பட்டிருப்பதை உலகுக்கு அறிவித்தார். அதை உயிர்ப்பிக்கும் வரிகள் மூலநிரல் அனைவரும் பார்க்கும்படி இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டித்தந்த கோப்பில் மட்டுமே இருந்தன. உபுண்டு குழுவினர் பிப்ரவரி 26க்குப் பின் உருவான இருமப் பொதிகள் (நிறுவத் தயாரான நிரல்கோப்புகள்) அனைத்தையும் நீக்கி மறுபடி உருவாக்கினார்கள். ஏப்ரல் 4இல் வரவேண்டிய பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்பு 11ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. எஸ்எஸ்எச் நுழைவைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு 'நான் தயார்' என்று தெரிவிப்பதற்காகச் சில லினக்ஸ் வழங்கல்கள் ஓப்பன்எஸ்எஸ்எச்சுடன் சிஸ்டம்டி நூலகத்தை இணைத்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கூடவே இழுத்துவந்தது. ஆகவே வேண்டுகோள் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எதையெல்லாம் இழுத்துவரும் என்பதுதான். மென்பொருள் நம்பியிருக்கும் நூலகங்களின் முழுச் சார்புப் பட்டியலை, சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டித்தந்த கோப்பையும் களஞ்சியத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். உரிமத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வழங்கலின் 12ஆம் பதிப்புக்கு, 2023 பிப்ரவரி 12 முதல் புதிய பொதி எதுவும், அடுத்த பதிப்பு உருவாகும் சோதனைக் கிளைக்குள் நுழைய முடியாது என்று விதி இருந்தது. இதைப் பிடிவாதம் என்று சிலர் குறைசொல்லலாம். ஆனால் ஒரு நூலகத்தைப் பல இயந்திரங்களில் பலர் ஓட்டிப்பார்த்துக் குறைகண்டுபிடிக்கும் வாரங்களை வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாது என்பதால், இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஏற்கலாம், அதுவும் தேவையான வரிகளை மட்டும். மற்றவை அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கட்டும்.

நூலகமே வேண்டாமா என்றும் யோசிக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, சிஸ்டம்டி நூலகத்தின் துணையில்லாமல், தன் சொந்த நிரல்வரிகளைக் கொண்டே 'நான் தயார்' என்ற அந்தச் செய்தியை அனுப்பத் தொடங்கியது.