ஊர்ப் பெயரைப் போடுங்கள்!

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமை நூலகர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றப் பெருமக்களே, ஒளிப்படக் கழகத்தின் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையை நிமிர்ந்து உட்கார வைத்த பேராசிரியர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே! எல்லோருக்கும் என் வணக்கம். இந்தக் கூட்டத்துக்கு இடம் கொடுத்து, ஒலிபெருக்கியும் திரையும் ஏற்பாடு செய்து தந்த நூலக ஊழியர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தலைவர் அவர்கள் தம் உரையில் ஒரு கேள்வி கேட்டார்கள். திரையில் சொந்த ஊர் ஒரு கணம் வந்து போனால், "அதோ, நம்ம ஊரு!" என்று ஏன் கத்திவிடுகிறோம்? பாசம்தான், வேறென்ன? ஆனால் கத்துவதற்கும் கண்டுபிடிப்பதற்கும் நடுவே கொஞ்சம் வேலை இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்த ஒரு பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு, படம்பிடித்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திரைப்படம், விளம்பரம் இரண்டிலும் பார்ப்போம்.

முதலில் திரைப்படம். கலை இயக்குநர் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை, நம்பர் பிளேட், டாக்சியின் நிறம், தபால்பெட்டி, பேருந்து நிறுத்தம் எல்லாம் லாரியில் வந்து இறங்கி, மறுநாள் லாரியிலேயே போய்விடும். ஐதராபாத் அருகே ராமோஜி ஃபிலிம் சிட்டியில் ரயில் நிலையமே செட்டாக நிற்கிறது. பலகையை மாற்றினால் ஊர் மாறிவிடும். ஆகவே எழுத்தை நம்பாதீர்கள். மலையின் விளிம்பு, ஆற்றின் வளைவு, கட்டடங்களின் உச்சிகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது, இவைதான் சாட்சி.

இதற்கு ஜாக்கி சான் படம் ஒன்று போதும். 1995-இல் வெளியானது, பெயர் 'ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்'. பிராங்க்ஸ் என்பது நியூயார்க்கின் ஒரு பகுதி. கதை அங்கே நடக்கிறது. படம்பிடித்ததோ கனடாவின் வான்கூவரில்! தெரு சரி, கடை சரி, அடிதடி பிரமாதம். ஆனால் ஜாக்கி சான் எகிறிக் குதிக்கும்போது பின்னால் என்ன தெரிகிறது? மலை! ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள், வான்கூவருக்கு வடக்கே நீட்டி நிமிர்ந்து கிடப்பவை. பிராங்க்ஸில் இருப்பதிலேயே உயர்ந்த மேடு நூறு மீட்டர்கூட எட்டாது. சுவரில் கிறுக்கலாம், நம்பர் பிளேட்டை மாற்றலாம், மலையை எந்த லாரியில் ஏற்றுவது? அந்தப் படத்தில், காற்றின்மேல் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றின்மேல் குதித்து அவர் கணுக்காலை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட காலின்மேல் ஷூ மாதிரி வண்ணம் தீட்டிய உறையை மாட்டிக்கொண்டு மீதிக் காட்சிகளில் நடித்தார். பாருங்கள், முறிந்த காலை மறைத்துவிட்டார்கள், மலையை மறைக்க முடியவில்லை. உலகமே ஜாக்கி சானைப் பார்த்தபோது வான்கூவர்க்காரர்கள் மலையைப் பார்த்தார்கள். கண்ணால் காண்பதும் பொய். தீர விசாரித்தவர்கள் அவர்கள்தான்.

சரி, எப்படி விசாரிப்பது? படம் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்களாக ஓடுகிறது. மூன்று நொடி ஷாட் என்றால் 72 பிரேம். கேமரா வீசித் திரும்பும்போது நிறுத்தினால் எல்லாம் கலங்கலாக இருக்கும். திரும்பி நிற்கும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். கணினியில் யூடியூபை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு பிரேம் பின்னே. தெளிவான பிரேமை எடுத்து, நடிகரின் முகத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டடத்தை மட்டும், படத்தைக் கொடுத்தே தேடும் கூகுள் லென்ஸில் தேடுங்கள். முகத்தோடு தேடினால் அந்த நடிகரின் படங்களாகவே வந்து குவியும், கட்டடம் கிடைக்காது.

தெரு கிடைத்தால் போதாது. கேமரா எங்கே நின்றது என்று சொல்ல வேண்டும். அதற்கு நல்ல வழி இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் ஒரு கோபுரம் தெரிகிறது என்று வையுங்கள். வரைபடத்தில் கோபுரத்திலிருந்து தொட்டிக்கு ஒரு கோடு போட்டு, அதை முன்பக்கமாக நீட்டுங்கள். கேமரா அந்தக் கோட்டில்தான் எங்கோ நின்றிருக்கிறது. அதே பிரேமில் இதுபோல இன்னொரு ஜோடியைப் பிடித்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டுமிடம் கேமராவின் இடம். பலர் தவறுவது எங்கே என்றால், இரண்டு ஜோடியையும் பிரேமின் ஒரே பக்கத்தில் எடுத்துவிடுவார்கள். கோணம் குறுகிப்போய், கோடு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டுமிடம் நாலு தெரு தள்ளிப் போய்விடும். இடது ஓரத்தில் ஒரு ஜோடி, வலது ஓரத்தில் ஒரு ஜோடி என்று எடுங்கள். தூரத்தை மட்டும் கண்ணால் அளக்காதீர்கள். நீண்ட லென்ஸ் தொலைவில் இருக்கும் மலையைத் தெருக்கோடிக்குக் கொண்டுவந்துவிடும். எது எதை மறைக்கிறது என்பதை எந்த லென்ஸாலும் மாற்ற முடியாது.

ஒரு ஷாட் உறுதியானால் அடுத்த ஷாட்டும் அதே ஊர் என்று முடிவு கட்டாதீர்கள். கதவைத் திறப்பது ஓர் ஊரில், உள்ளே நுழைவது ஸ்டுடியோவில். துரத்தல் காட்சியில் ஒரு முனை திரும்பினால் வேறு ஊரே வந்துவிடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாக விசாரணை தேவை.

அடுத்து விளம்பரம். இது இன்னும் கடினம், ஏனென்றால் விளம்பரத்தில் ஊரைத் துடைத்துவிடுவதே வேலை. பலகை போகும், கம்பி போகும், வானமே மாறும். சாலை பளபளவென்று நனைந்திருக்கும், மொட்டைமாடிகள் காய்ந்திருக்கும். மழை இல்லை, தண்ணீர் லாரி. கைக்கடிகார விளம்பரத்தில் பெரும்பாலும் மணி 10:10, அதை வைத்து நேரம் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் பழக்கம் இருக்கிறது. திருப்பிய படத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டால் நாள் முழுக்கத் தேடினாலும் பொருந்தாது. ஆண்கள் சட்டையைப் பாருங்கள்: அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். மாறியிருந்தால் படத்தைத் திருப்பிவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள். ஊர் துடைக்கப்பட்ட படத்திலும் தரைப்பக்கம் ஏதாவது தப்பிப் பிழைத்திருக்கும். நடைபாதைக் கல் பதித்த விதம், பாதாளச் சாக்கடை மூடியின் வார்ப்பு, தெருவிளக்குக் கம்பத்தின் வளைவு, ஓரக்கல்லின் வண்ணப்பட்டை. இவை நகராட்சிக்கு நகராட்சி வேறுபடும்.

முடிக்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், நகர்மன்றப் பெருமக்கள் இருக்கும் அவை இது. இத்தனை பாடு நாம் ஏன் பட வேண்டும்? படம்பிடித்தவர்களுக்கு இடம் தெரியும். அனுமதிக் கடிதத்தில் தெருப்பெயர் இருக்கிறது, வாடகை ரசீதில் தேதி இருக்கிறது. பெயர் மட்டும் திரையில் இல்லை! அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் மண்ணில் எடுக்கும் படங்களுக்கு 20 விழுக்காடு வரிச்சலுகை தருகிறது; மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தையும் சேர்த்தால் இன்னும் 10 விழுக்காடு. அப்படியானால் ஊர்ப் பெயருக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா? தெருவை மறித்துப் படம்பிடிக்க அனுமதி கொடுக்கும்போதே, முடிவில் ஊர்ப் பெயர் வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். முப்பது நொடி விளம்பரத்தில் இடமில்லை என்பார்கள். இணையத்தில் ஏற்றும்போது காணொளியின் கீழே இடம் தாராளமாக இருக்கிறது. பெயர் போட்டுவிட்டால் காண்பதும் மெய், கேட்பதும் மெய்.

தனியார் வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த வீட்டின் கூரைமேல் ரசிகர்கள் பீட்சாவை எறிந்து எறிந்து, கடைசியில் வீட்டுக்காரர்கள் வேலி போட வேண்டியதாயிற்று. தெருவோடு நிறுத்துங்கள், கதவு எண் வேண்டாம்.

ஊர்ப் பெயர் கேட்டு நகர்மன்றத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பம் வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பக்கத்திலேயே ஒரு பதிவேடு வைக்கத் தலைமை நூலகர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். அதில் படத்தின் பெயர், வெளியான ஆண்டு, காட்சி வரும் மணி-நிமிடம்-நொடி, கேமரா நின்ற தெரு, அது நோக்கிய திசை ஆகியவற்றை எழுதுங்கள். கோடு போட்ட வரைபடத்தையும் பிரேமையும் அச்செடுத்துப் பின்னால் ஒட்டுங்கள். சந்தேகம் இருந்தால் பென்சிலால் எழுதுங்கள். வேறொருவர் தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மையால் எழுதலாம். வணக்கம்.