ஏஜென்ட் காசு: எந்தச் சட்டம் எதுவரை?

[திரை: ஞாயிறு மாலை, சிங்கப்பூரின் தேக்கா. புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள்.]

"அண்ணே, சிங்கப்பூர் வேலைக்கு ஏஜென்ட் இவ்வளவு கேக்குறார். கட்டிடலாமா?"

ஊரிலிருந்து இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கலாம். நிலத்தை அடகு வைத்தோ, அம்மாவின் நகையை விற்றோ புரட்டப்போகும் காசு அது.

சிங்கப்பூரில் இதற்கு உச்சவரம்பு உண்டு. உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வரை ஊழியரிடம் வாங்கலாம். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. சம்பளம் மாதம் 600 சிங்கப்பூர் வெள்ளி, ஒப்பந்தம் 2 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 1,200 வெள்ளி. வேலை கொடுத்ததற்காக முதலாளியே ஊழியரிடம் காசு வாங்கினால் அது தனிக் குற்றம்.

அப்புறம் ஏன் இவ்வளவு கடன்?

[திரை: வரைபடம். திருச்சியிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு ஒரு கோடு.]

அந்த உச்சவரம்பு இங்கே உரிமம் பெற்ற முகவருக்குத்தான். விமானம் ஏறும் முன் ஊரில் கைமாறிய காசை அது தொடாது. அங்கே இந்தியாவின் 1983 குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் கிராமத்துக்கே வந்து ஆள் சேர்க்கிறவர் பல நேரம் பதிவே இல்லாத இடைத்தரகர். ரசீது தரமாட்டார்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. கிளம்பும் முன் ஒப்பந்தத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் அதிகாரிகூட இல்லாமல்தான் நம் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஊழியரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1997 உடன்பாடு, எண் 181, பொதுவிதி வைத்தது. இந்தியாவும் சேரவில்லை, சிங்கப்பூரும் சேரவில்லை.

[திரை: கட்டுமானத் தளம். சாரத்தின் மேல் ஒருவர்.]

கடன் என்பது வெறும் கணக்கு இல்லை. சாரம் ஆடுகிறது என்று தெரிந்தும் ஏறுகிறார். ஓவர்டைம் காசு குறைந்தால் கேட்பதில்லை. கையில் அடிபட்டால் பெரிதாகக் காட்டிக்கொள்வதில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் வட்டியை யார் கட்டுவது? புகார் செய்யும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் தைரியத்தை ஊரில் வாங்கிய கடன் பிடுங்கிக்கொள்கிறது. கட்டாய உழைப்பை அடையாளம் காண அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் 11 அறிகுறிகளில் கடன் பிணைப்பும் ஒன்று.

ஆள் தேவைப்படுகிற கம்பெனிதான் ஆள் கொண்டுவரும் செலவை ஏற்க வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. இரு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே விதி போட முடியும்.

சரி, அதுவரை போனில் என்ன சொல்வது?

சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதத்தை, ஐபிஏ என்பார்களே, முதலில் காட்டச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் அதில் இருக்கும். தமிழில் கேளுங்கள், கிடைக்கும். முகவர் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். காசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கையில் கொடுக்க வேண்டாம், வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

[திரை: போன் மணி அடிக்கிறது.]