ரிசல்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போனாலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போனாலும் இப்போது ஒரே கேள்விதான்: "ரிசல்ட் எப்ப?" அந்தச் சொல்லைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

ரிசல்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'ரெசுல்டாரே' என்றால் துள்ளித் திரும்புவது. எதிரொலிப்பதற்கும் அதே சொல்தான். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மலையில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையிலிருந்து குரல் திரும்பி வருகிறது. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அந்தக் குரலும் இல்லை.

தமிழில் நாம் பெறுபேறு என்கிறோம். தமிழ்நாட்டில் தேர்வு முடிவு என்கிறார்கள். முடிவு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன முடிவு? பெறுபேறு நல்ல சொல். மகப்பேற்றில் இருக்கிற அதே பேறுதான் அதிலும் இருக்கிறது. ஆனால் எதிலிருந்து பெற்றோம் என்பதை அது சொல்லாது. விளைவு சொல்லும், அது மண்ணிலிருந்து வந்த சொல். தேயிலைச் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுவாரமே கொழுந்து நிறுக்க யாரும் கூடையோடு போவதில்லை.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். இதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ரிசல்ட் வினைச்சொல்லாகவும் வரும். 'ரிசல்ட் இன்' என்றால் அடுத்து வருவது விளைவு. 'ரிசல்ட் ஃப்ரம்' என்றால் அடுத்து வருவது காரணம். மழை 'ரிசல்ட் இன்' மண்சரிவு. மண்சரிவு 'ரிசல்ட் ஃப்ரம்' மழை. மாற்றி எழுதினால் மண் சரிந்ததால் மழை பெய்தது என்றாகிவிடும். 'அஸ் எ ரிசல்ட்' என்று நிறுத்தினால் 'அதனால்' என்று பொருள். அதன்பின் முழு வசனம் எழுதலாம். 'ஆஃப்' சேர்த்தால் பின்னால் பெயர்ச்சொல்தான் வர வேண்டும். 'கான்சிகுவன்ஸ்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. அது பெரும்பாலும் கெட்டதற்கே வரும், பெறுபேற்றுக்கு அதைப் போடாதீர்கள்.

மண்சரிவை வேண்டுமென்றேதான் உதாரணமாக எடுத்தேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. மழையால் என்று ஒரே சொல்லில் அதை எழுதிவிடலாம். ஆனால் அந்தச் சரிவின் அடியில் ஏன் லயம் இருந்தது, சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? 'ஃப்ரம்' என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை எழுத இடம் இருக்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். 2004இல் நான் சாதாரண தரம் எழுதினேன். கணக்குக்கு டபிள்யூ, அதாவது சித்தி இல்லை. அப்பா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோர் முன்னாலும், "ரிசல்ட் என்னாச்சுடா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இரண்டு வருடத்தை எழுதப் பெறுபேற்றுத் தாளில் இடமும் கிடையாது. மறுமுறை எழுதியபோது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார். சி கிடைத்தது. அதே தலைதான். காரணம்தான் மாறியது.

அதனால் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். சுட்டெண்ணை அடித்து ஃபோனில் பார்த்த அந்த இரவில் பிள்ளையிடம் எதுவும் கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். அடுத்த ஞாயிறு தாளை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள், நான் இருப்பேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் 'ஃப்ரம்' போட்டு, என்ன நடந்தது என்று பிள்ளையே எழுதட்டும். ஆசிரியர் இல்லாத பாடங்களைத் தனியாக எடுத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுப்போம். 'அஸ் எ ரிசல்ட் ஆஃப்' என்று தொடங்கும் முதல் வசனத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன்.