11 வருடமாக ஆரல்வாய்மொழியைத் தாண்டாத மாமி, மூன்றே வாரத்தில் மதுரை போன கதை

[காட்சி: முப்பந்தல் காற்றாலைகள். காற்றின் இரைச்சல் மட்டும்.]

இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை என்.எச். 44. ஸ்ரீநகரில் கிளம்பி, எங்கள் கன்னியாகுமரியில் கடலைக் கண்டபிறகுதான் நிற்கிறது. காஷ்மீரிலிருந்து லாரி ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாகர்கோவிலில் இருக்கிற என் மாமியோ அந்தச் சாலையில் ஏறி 11 வருடம் ஆகியிருந்தது. கல்யாணமோ, பால்காய்ப்போ, துக்கமோ, பக்கத்தில் இருக்கிற ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் என்றால் ஒரே பதில்தான்: “நீ போய்விட்டு வா மக்களே, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. குமரி மாவட்டத்தில் எதிரே ஒரே ஓர் ஆள் நின்றாலும் அவர் ‘மக்களே’தான். மேடைப்பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த மாமி போன ஆடியில் மதுரை போனார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, மந்திரித்த கயிறும் இல்லை. எப்படி என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பஸ் கண்ணாடி வழியே சாலை]

பயம் வந்த கதை சின்னது. காவல்கிணறு பக்கம் ஒரு பஸ் சாலையை விட்டு இறங்கி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. மாமியும் சிரித்துக்கொண்டேதான் வீடு வந்தார். அடுத்த முறை பஸ் ஏறும்போதுதான் நெஞ்சு படபடத்தது. இறங்கிவிட்டார். இறங்கியதும் அப்பாடா என்றிருந்தது.

அந்த ‘அப்பாடா’தான் வில்லன். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் மூளை ஒரு பாடம் படிக்கிறது: போகாததால்தான் பிழைத்தோம் என்று. பயம் கந்துவட்டி மாதிரி. இன்றைக்குக் கையில் காசு நிற்கும், கடன் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். மாமியின் கணக்கில் 11 வருட வட்டி.

அப்புறம் மதுரையில் இருக்கிற மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. முறைப்படி மகள்தான் தாய்வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, மாமிதான் சுமார் 245 கிலோமீட்டர் போயாக வேண்டும்.

“ரயில் இருக்கிறதே” என்று கமெண்ட் எழுதக் கை போகிறதா? நில்லுங்கள். நானும் அதையேதான் சொன்னேன். “ரயிலை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா மக்களே?” என்று திருப்பிக் கேட்டார். யோசித்துப் பார்த்தால் மொத்த விஷயமும் அதில் இருக்கிறது. மாமிக்குச் சாலைமேல் பயம் இல்லை. நினைத்த நேரத்தில் இறங்க முடியாதே என்ற பயம். காரில் அந்தச் சாவி நம் கையில்.

முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டோம். ஈசிஜி சரியாக இருந்தது. இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நெஞ்சுப் படபடப்பு எல்லாமே பயம் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதக் கூடாது. மாமிக்கு விரல் மரத்துப்போகும், தலை சுற்றும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும்; அதனாலேயே இது இரண்டும் வரும். அது தெரியாமல், “பார், உயிர் போகிறது” என்று இன்னும் பயந்து, இன்னும் வேகமாக மூச்சு விடுவோம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இந்தச் சுழல் அடங்கும்.

[காட்சி: பழைய புகைப்படம் போன்ற ஓவியம். ஒரு குழந்தை, ஒரு முயல்.]

இப்போது எனக்குப் பிடித்த இடம். 1924. அமெரிக்கா. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சின்னப் பையனைப் பற்றி எழுதினார். பெயர் பீட்டர், மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயல் என்றால் அலறுவான். முயலோடு நின்றால் பரவாயில்லை, பஞ்சைக் கண்டாலும் பயம், கம்பளி ரோமத்தைக் கண்டாலும் பயம். ஜோன்ஸ் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து உட்காரவைத்து, கூண்டில் அடைத்த முயலை அறையின் தூரத்து மூலையில் வைத்தார். அவன் தின்பதை நிறுத்தாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கவும் அவன் விட்டான். இன்றைக்கும் பயத்துக்கான சிகிச்சையில் இந்த வழிக்கு முக்கியமான இடம் உண்டு.

எங்கள் முயல், ஆரல்வாய்மொழி. தின்பண்டம், தோவாளைப் பிச்சிப்பூ.

முதல் நாள் கார் முற்றத்தைவிட்டு நகரவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார். பிறகு வடசேரி வரை. பிறகு வெள்ளமடம். முதல் வாரக் கடைசியில் தோவாளைப் பூச்சந்தை. விடியற்காலையில் அங்கே போயிருக்கிறீர்களா? மூட்டை மூட்டையாகப் பிச்சி, மல்லிகை, அரளி, இடையில் பேரம் பேசும் சத்தம். புவிசார் குறியீடு வாங்கிய மாணிக்கமாலை கட்டுகிற ஊரும் இதுதான். மாமி இறங்கி, அரை மணி நேரம் பேரம் பேசி, ஜெயித்து, திரும்பி ஏறும்போது பயப்பட மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் ஆரல்வாய்மொழி லேசுப்பட்டதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே இருக்கிற இடைவெளி இது. தென்மேற்குப் பருவக்காற்று அகலமாக வந்து, இந்த இடுக்கில் நெருக்கியடித்துப் பாய்கிறது. முப்பந்தல் வட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் இங்கே வந்துபோயிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். பெரிய லாரியை முந்தும்போது அது காற்றை மறைக்கும். கார் அமைதியாகப் போகும். லாரியைத் தாண்டிய நொடியில் காற்று பளாரென்று அறையும். கார் ஒரு முழம் விலகும். வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். முதல் தடவை இந்த அறை விழுந்தபோது மாமி என் சட்டையைப் பிடித்தார். அடுத்த தடவை நானே முன்கூட்டிச் சொன்னேன்: “மாமி, இப்போது ஒரு தள்ளு வரும்.” வந்தது. மூன்றாம் தடவை, “லாரி போகிறது, தள்ளு வரும்” என்று அவர் எனக்குச் சொன்னார். ஏன் வருகிறது என்று தெரிந்த தள்ளு, பாதித் தள்ளுதான்.

[காட்சி: முப்பந்தல் இசக்கியம்மன் கோயில், ஓரமாக நிற்கும் வாகனங்கள்]

அடுத்தது முப்பந்தல். மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம், ஔவையார் நடுவில் இருந்தார் என்பது ஊர்க்கதை. இந்த வழியாகப் போகிற டிரைவர்களில் பலர் இசக்கியம்மனைக் கும்பிட்டு, திருநீறு பூசி, பிறகுதான் வண்டியை எடுப்பார்கள். “விபூதி பூசினால்தான் போக முடியும் என்றால் அதுவும் ஊன்றுகோல்தானே?” என்று உளவியல் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் பார்த்தது வேறு. நெஞ்சு படபடக்க இறங்கிய மாமி, ஓடிப்போக வீடு இல்லாத இடத்தில், கால்மணி நேரம் நின்றார். படபடப்பு தானாக வடிந்தது. திரும்பிப் போகாமலேயே வடியும் என்று 11 வருடத்தில் முதல்முறையாக உடம்பு தெரிந்துகொண்டது. அம்மன் நிறுத்தினாளா, ஜோன்ஸ் நிறுத்தினாரா, கமெண்டில் சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மீதியைச் சுருக்குகிறேன். மதுரைக்குக் கிளம்பிய அன்று பயம் போய்விட்டதா? இல்லை. வள்ளியூரில் ஒருமுறை, நாங்குநேரியில் ஒருமுறை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். நாலரை மணி நேரப் பாதைக்கு ஆறரை மணி நேரம். அதற்காக மட்டும் முகம் சுளிக்காதீர்கள், ஓட்டுகிற புண்ணியவான்களே. இந்தப் பயம் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

பேத்தி பிறந்து மூன்று மாதம் கழித்து மாமியைக் கூட்டிவரப் போனேன். திரும்பும் வழியில் நின்றது முப்பந்தலில் மட்டும். சுண்டல் வாங்கினார். நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தார்.

“இதையும் வீடியோவில் போடப் போகிறாயா மக்களே? தலை கலைந்திருக்கிறது, பொறு.”