மாத்தா கெலாப்: ஓர் ஊர்க்காரருக்கு நன்றியுரை

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தோட்டத்துச் சொந்தங்களே, முன்வரிசையில் சங்கடத்தோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் மாதம் 25ஆம் நாளை நம் மலேசிய நாடு காவலர் தினமாகக் கொண்டாடுகிறது. 1807ஆம் ஆண்டு அதே நாளில் பினாங்குக்கு, காவல்துறைக்கு வித்திட்ட நீதிச் சாசனம் வழங்கப்பட்டதை நினைவில் வைத்து அந்நாள் குறிக்கப்பட்டது. அந்த வாரத்திலேயே இப்பாராட்டு விழாவை நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் கோயில் நிர்வாகத்தினர். அழைப்பிதழில் தம் பெயர் வரக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அண்ணன். ஆகவே நானும் அவர் பெயரைச் சொல்லாமலே பேசுகிறேன். சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் இந்த மண்டபத்தில் யாரும் இல்லை.

காவல்துறையைப் பற்றிச் சுங்கை சிப்புட்டில் பேசுவது மற்ற ஊர்களில் பேசுவதைப் போன்றதன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் காலையில், இவ்வட்டாரத்தின் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டு நாள்களில் மலாயா முழுவதும் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. பெருவிரல் ரேகையும் புகைப்படமும் பதித்த அடையாள அட்டை அந்த 1948இல்தான் நம் பெற்றோர் கைக்கு வந்தது. எத்தனையோ தோட்டங்களில் லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் முள்வேலிக்குள் ஒதுக்கப்பட்டன. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களின் சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். அந்தத் தலைமுறைக்குப் ‘பாலாய்’, அதாவது காவல் நிலையம், என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்ட லயத்திலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகன் காவல்துறையில் சேர்ந்தார் என்றபோது, வாழ்த்துச் சொன்னவர்களைவிடப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்களே அதிகம்.

சீருடையில் இருந்தவரை அந்த விலகல் ஓரளவுக்கு இருந்தது. அவர் குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாறிச் சாதாரணச் சட்டையில் நடமாடத் தொடங்கியதும் அது இன்னும் கூடிற்று. துப்பறிவாளரை அந்நாளில் மலாய்க்காரர்கள் ‘மாத்தா கெலாப்’ என்பார்கள். இருட்டுக் கண் என்று பொருள். நம்மவர்களும் அதையே வாங்கிச் சொன்னார்கள். அண்ணன் தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் மேசைகள் அமைதியாகிவிடும். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் கடையில் எப்போதும் சுவரைப் பார்த்தபடியே உட்காருவார். அவர் நம்மைக் கவனிக்கவில்லை என்பதை நமக்குக் காட்டவே அப்படி உட்கார்ந்தார் என்று வெகு காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவருடைய பெரிய வழக்குகளைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் சொல்லப்போவது மிகச் சிறிய வழக்கு. அதில் குற்றம் செய்தவன் நான்.

எழுபதுகளில் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிராணியாக, அதாவது இளநிலை எழுத்தராக, வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெரிய கிராணி ஊருக்குப் போயிருந்த சமயம். ஒட்டுப்பால், அதாவது கட்டியாக உறைந்த ரப்பர் பால், வந்து சேரும் நாளன்று அதை நிறுத்து, எடைப் புத்தகத்தில் எழுதி, ஸ்டோரில் அடுக்குவது என் பொறுப்பு. லோரி வந்து ஏற்றும் நாளில் மறுபடி நிறுத்தபோது எடை வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்த முறையும் அப்படியே. நான் பதறிப்போய் நிர்வாகியிடம் ஓடினேன். அவர் பாலாயில் புகார் கொடுத்தார். ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கும் பையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் இரண்டாம் நாளே ‘ஆமாம், நான்தான்’ என்று ஒப்புக்கொண்டான். எப்படி ஒப்புக்கொண்டான் என்று அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டவர் அண்ணன் ஒருவர்தான். அப்போது அவர் கோப்ரல். ‘எந்தக் கடையில் விற்றாய், யார் நிறுத்து வாங்கினார், எதில் ஏற்றிக்கொண்டு போனாய்’ என்ற மூன்று கேள்விகளுக்கும் பையனிடம் பதில் இல்லை. மறுநாள் காலையில் தோட்டத்துக்கு வந்து, அன்று வந்த ஒட்டுப்பாலில் ஒரு சாக்கை என்னையே நிறுக்கச் சொன்னார். அந்த எடையைத் தம் பாக்கெட் புத்தகத்தில் எழுதி, என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாக்கை ஒரு மூலையில் வைத்துத் தாமே கொண்டுவந்த பூட்டால் ஸ்டோரைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில நாள் கழித்து வந்து திறந்தபோது வீசிய நாற்றத்தைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாக்கின் அடியில் நீர் வடிந்து சிமெந்துத் தரை கறுத்துக் கிடந்தது. மறுபடி நிறுத்தோம். பூட்டிய அறைக்குள் இருந்த சாக்கிலேயே யாரோ திருடியிருந்தார்கள்.

ஒட்டுப்பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருக்கும், வைத்தால் வடியும் என்பது பால்வெட்டும் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருக்கும் செய்தி. படித்த கிராணிக்கு அது தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. பையனை விட்டுவிட்டார்கள். அண்ணன் என்னை ஒரு சொல் திட்டவில்லை. அந்தப் பாக்கெட் புத்தகத்தை என் முன்னால் விரித்து, இரண்டு எடைகளையும் என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கணக்கையும் நான் ஒரு முறைக்கு இரு முறை பார்க்கிறேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதில் ‘தீர’ என்ற சொல்லைத்தான் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறோம். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டால் விசாரணை தீர்ந்தது என்று நினைத்த காலம் அது. இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்ட அதிகாரியோ பதிவு செய்த வாக்குமூலத்தை, அது தானாக முன்வந்து கொடுக்கப்பட்டதென்றால், நீதிமன்றம் ஏற்கலாம் என்றுதான் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆம் பிரிவு சொல்லியது. காவல்துறையைச் சீரமைக்க 2004இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் மறு ஆண்டே 125 பரிந்துரைகளை வைத்தது. அதன் பின்னர், 2007இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால்தான், விசாரணையில் பெறும் ஒப்புதலைப் பொதுவாகச் சான்றாக வைக்க முடியாது என்ற நிலை வந்தது. சட்டம் அங்கே வந்து சேர முப்பது ஆண்டுகள் இருக்கையிலேயே, பூட்டும் சாவியும் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் அங்கே போய் நின்றிருந்தார் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

சாட்சி சொல்கிறவர் தமிழில் பேசுவார். வாக்குமூலம் மலாயில் எழுதப்படும். இடையில் எத்தனை பேருடைய வாழ்க்கை நழுவிப்போயிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. ‘எடுத்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அண்ணன் ‘அம்பில்’ என்றுதான் எழுதுவார். அவசரக்காரர் எழுதக்கூடிய ‘சுரி’ என்ற சொல்லை, அதாவது ‘திருடினேன்’ என்பதை, அந்த வாயிலிருந்து வராதவரை அவர் எழுத மாட்டார். எழுதி முடித்ததும் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. இதனால் ஒரு வாக்குமூலத்துக்கு அரை நாள் பிடிக்கும் என்று உடன் வேலை செய்தவர்கள் சலித்துக்கொண்டதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயங்கள் காலியாயின; மக்கள் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் சிதறினார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் நேரத்தில் சாட்சியின் பழைய முகவரியில் வீடே இருக்காது. அண்ணன் கோயில் திருவிழா வரும்வரை காத்திருப்பார். எங்கே போனாலும் ஆண்டுக்கொரு முறை தீ மிதிக்கவோ காவடி தூக்கவோ பிறந்த தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள் அல்லவா? அன்னதானப் பந்தியில் பரிமாறிக்கொண்டே சாட்சிகளைக் கண்டுபிடித்தவர் நம் அண்ணன். சம்மனை மட்டும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கொடுப்பார்.

அந்த ஸ்டோர்ப் பையன் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டான். இந்த மண்டபத்துக்கு நாற்காலி போட்டதும் அவன்தான். இருவரும் சேர்ந்து காலையில் பூக்கடைக்குப் போய், அண்ணனுக்காக ஆள் உயர மாலை ஒன்று வாங்கி வந்தோம். அண்ணன் வாசலில் அதைக் கையில் வாங்கி, ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“ஈரத்தோட வாங்கிட்டீங்களே கிராணி. சாயங்காலம் மறுபடி நிறுத்துப் பாருங்க.”