கல்வியைப் பற்றி நாலு வார்த்தை

நேயர்களுக்கு வணக்கம். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். அந்த வாரம் ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கும். அப்புறம் நூலக வாரம், ஆண்டு விழா, இளைஞர் மன்ற விழா என்று வரிசையாக வரும். "நீங்க வந்து கல்வியைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்" என்று உங்களையும் யாராவது கூப்பிடலாம். அதற்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில், கல்வியின் பெருமையைப் பேசாதீர்கள். கம்மலை அடகு வைத்து ஃபீஸ் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவிடம், படிப்பு முக்கியம் என்று அரை மணி நேரம் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அது அவருக்குத் தெரியும். தெரியாதது வேறு. அதைத் தேடிப் பிடிப்பதுதான் தயாரிப்பு.

அதனால், கூப்பிட்டவரிடம் தலைப்பை விட்டுவிட்டு, யார் வருவார்கள் என்று கேளுங்கள். செங்கல் சூளை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையைப் பாதி வருடத்தில் கூட்டி வந்திருப்பார்கள். பழைய பள்ளியின் டி.சி. கையில் இருக்காது. "டி.சி. இல்லாமல் எப்படிப் போய்க் கேட்பது" என்று தயங்கி, பிள்ளையைச் சூளையிலேயே வைத்துக்கொள்வார்கள். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, டி.சி. வரத் தாமதமாகிறது என்று காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. இந்த இரண்டையும் புரியும்படி சொன்னாலே போதும், நீங்கள் போனதற்குப் பலன் உண்டு.

கூட்டத்தில் உள்ளூர்ப் பெற்றோர் அதிகம் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளலாம். அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் அந்தக் குழுவின் வேலை. கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எண்களைச் சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு என்று வாசித்தால் காதில் ஏறாது. "எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் அதில் 10 இடம்" என்று சொல்லுங்கள். 'கற்றல் விளைவு', 'இடைநிற்றல்' எல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். மேடையில் "பாதியில் நின்றுபோன பிள்ளை" என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும்.

பேச்சை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று நேரம். உங்களுக்கு 20 நிமிடம் என்பார்கள். வரவேற்புரை, முன்னிலை வகிப்பவர்களின் பேச்சு, பொன்னாடை எல்லாம் முடிய, "ஐயா, ஒரு எட்டு நிமிஷத்துல முடிச்சுக்குங்க" என்று சீட்டு வரும். பொன்னாடை போர்த்துவதைக் குறைக்க இந்த ஊரில் யாராலும் முடியாது. ஆகவே சொல்ல வேண்டியதை முதல் மூன்று நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். இடுப்பில் குழந்தையோடு ஓரமாக நிற்கும் பெண்கள் அதுவரைதான் நிற்பார்கள், வீட்டில் உலை வைக்க வேண்டும்.

கேள்விக்கும் நேரம் விடுங்கள். மைக்கில் கேட்கக் கூச்சப்படுபவர்கள், நீங்கள் மேடையை விட்டு இறங்கியதும் செருப்பு மாட்டும் இடத்துக்கு வந்து கேட்பார்கள். உடனே காருக்குப் போய்விடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணைக் கொடுங்கள்: 14417. அதை மேடையிலேயே இரண்டு முறை, ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திச் சொல்லுங்கள். பேனா தேடி எடுக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

வணக்கம்.