சொல்வது யார், பார்ப்பது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

1954-ல் வந்த 'அந்த நாள்' படத்தை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது; சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு வீசிய சமயத்தில் நடக்கிற கதை. செத்தவன் ராஜன், ரேடியோ இன்ஜினியர். சுட்டது யார் என்று பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி எல்லோரையும் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறு ஆளாக வருகிறான்.

ஒரு வாக்குமூலம் முடிந்ததும் படத்தை நிறுத்திவிடுவேன். ஆளுக்கொரு தாளில் இரண்டு பதில் எழுதச் சொல்வேன். இந்தக் கதையைச் சொல்வது யார்? பார்ப்பது யார்?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை என்று பிரித்துக் காட்டியவர் ழெரார் ழெனெத் என்ற பிரெஞ்சு அறிஞர். ப்ரூஸ்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் பெரிய நாவலை எடுத்துக்கொண்டு, கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை 1972-ல் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார். எடுத்துரைப்பியல் என்று நாம் சொல்கிற துறைக்கு அந்த ஆய்வு ஓர் அடித்தளம். ஒரு குரல் கதையை நமக்குச் சொல்லும். ஆனால் அந்தக் கதை வேறொருவரின் பார்வைக்கு உட்பட்டு நடக்கலாம் என்றார்.

சரி, அது நாவலுக்கு. ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், தம்பி சொல்ற கதையில தம்பியே தெரியறாரே. அவர் கண்ணால பார்த்தா அவர் முகம் எப்படித் தெரியும்?"

நான் பல வருடம் பாடம் நடத்தியும் அவ்வளவு எளிமையாகக் கேட்டதில்லை. நாவலில் 'நான் மாடிக்குப் போனேன்' என்று எழுதினால் நாம் அந்த 'நான்' உள்ளேயே இருக்கிறோம். சினிமாவில் தம்பியின் குரல் கேட்கிறது. கேமராவோ தள்ளி நின்று அவரையும் சேர்த்துக் காட்டுகிறது. அவர் சொன்னது ஒரு பக்கத்து நியாயம்தான். ஆனாலும் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதால் நடந்ததாகவே எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் சினிமாவுக்கு நான் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்: இது யாருக்குத் தெரிந்த செய்தி?

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன் என்று நமக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது, பாண்டியனுக்கும் தெரியாது. யார் திருடன் என்ற புதிரை இளங்கோ வைக்கவே இல்லை. தெரிந்த நாம், தெரியாமல் நடந்துபோகிற கோவலனைப் பார்த்துப் பதறுகிறோம். 'அந்த நாள்' இதற்கு நேர் எதிர். அங்கே கொலையாளிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

நம் வீட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் இளங்கோவின் வழியில் வந்தவை. வில்லி போனில் பேசுவதை நாம் கேட்டுவிடுகிறோம். கதவுக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்ணும் கேட்டுவிடுகிறாள். கதாநாயகிக்கு மட்டும் தெரியாது. அந்த ஒரு செய்தி அவள் காதுக்குப் போய்ச் சேரும் பயணம்தான் மூன்று மாதக் கதை. இழுக்கிறார்கள் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வடிவத்தின் மீது மரியாதை உண்டு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்துவந்து பார்க்கிறவர்களுக்காக அமைந்த கதைமுறை அது. இரண்டு நாள் விட்டுப்போனாலும் யாருக்கு என்ன தெரியும் என்பது பிடிபட்டுவிடும். ரகசியம் உடைகிற நொடியில் கேமரா ஒரே முகத்தை மூன்று முறை பாய்ந்து பாய்ந்து காட்டும். அப்புறம் கூடத்தில் நிற்கிற ஒவ்வொருவர் முகமாகப் போய்வரும். ஒரு நொடி அரை நிமிடமாக விரியும். அத்தனை நாள் காத்திருந்தோமே, அந்த நொடி சட்டென்று முடிந்துவிட்டால் எப்படி?

ஆனால் செய்தியை வெறுமனே தடுத்து வைப்பதற்காகவே போன் அணைவதும், சொல்ல வந்தவருக்கு விபத்து நேர்வதுமாகப் போகும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சொல்லாமல் இருக்க அந்தப் பாத்திரத்துக்கே ஒரு காரணம் வேண்டும். பயம், வெட்கம், பாசம், ஏதோ ஒன்று.

மறுபடி 'அந்த நாள்' படத்துக்கு வருகிறேன். இயக்குநர் எஸ். பாலசந்தர், நம் வீணை பாலசந்தர்தான், ஒரு கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிற, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமோன்' படம் பார்த்து உந்தப்பட்டவர். இதை முதலில் நாடகமாக எழுதி வானொலிக்குக் கொடுத்தார், அங்கே ஏற்கப்படவில்லை என்று சொல்வார்கள். இரண்டு படத்துக்கும் ஒரு வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'ராஷோமோன்' படத்தில் செத்துப்போன சாமுராயின் ஆவி ஒரு பெண்ணின் வாய்வழியாக வந்து தன் தரப்பைச் சொல்கிறது. ராஜனுக்கு அது கிடைக்கவில்லை. படம் முழுக்க அவன் பேசுகிறான், சிரிக்கிறான், சண்டை போடுகிறான். அத்தனையும் அடுத்தவர் சொன்ன ராஜன். ரேடியோக்காரன் அவன், அவன் குரலில் மட்டும் அந்தக் கதையை நாம் கேட்கவே இல்லை.

வணக்கம்.